பால் கலந்த வர்ணம்

கூலிம்,
12.1.2025

அன்புத் தங்கை சுசீலாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் ராகினியும் பேரப்பிள்ளைகளும் ஆண்டவன் புண்ணியத்தில் இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சர்க்கரை பார்த்தாயா, இல்லை, பொங்கல் முடியட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறாயா?

குரல்வளையை எடுத்து வருஷம் திரும்பப் போகிறது. போனில் நீ “அண்ணே, அண்ணே” என்று கூப்பிடுவதும், நான் இந்தப் பக்கம் மூச்சு மட்டும் விடுவதும் யாருக்கு லாபம்? ராகினி, “வாட்ஸ்அப்புல எழுதுங்கப்பா” என்கிறாள். கட்டைவிரலால் தமிழ் எழுத எனக்கு வராது. அதனால் பழையபடி தபால்தான். தபால்காரனுக்கும் பிழைப்பு வேண்டாமா?

தினேஷைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உன் மகனைக் கடைசியாகத் தோளில் சுமக்க வேண்டிய நேரத்தில் தாய்மாமன் நான் தொண்டையில் குழாயோடு படுத்துக் கிடந்தேன். இதற்குமேல் என்ன எழுதுவது?

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தேவிஸ்ரீ என்று ஒரு பெண் மலாக்காவிலிருந்து காரோட்டிக்கொண்டு இங்கே வந்தாள். ஆயர் குரோவில் ஒரு கலைக்கூடத்தில் வேலையாம். மலாக்காவின் முதல் நிலக்காட்சி ஓவியர்கள் என்று ஆகஸ்டில் கண்காட்சி வைக்கிறார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்த சீனர்கள், மலாய்க்காரர்கள் படமெல்லாம் சேர்ந்துவிட்டதாம். லூபோக் சீனா தோட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கிளம்பிப் போய் வரைந்த மூன்று தமிழர்களைப் பற்றி ஏதோ பழைய பத்திரிகையில் பார்த்துவிட்டுத் தேடி வந்திருக்கிறாள். மூவரில் உன் வீட்டுக்காரரும் மணியமும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நான்.

“ஐயா, உங்க மூணு பேர் படத்துல ஒண்ணு கிடைச்சா போதும்” என்றாள். எங்கே இருக்கிறது? மணியத்தின் படங்களை வெள்ளம் கொண்டுபோயிற்று. மச்சான் வரைந்ததெல்லாம் ஹோட்டல்களுக்குப் போய், ஹோட்டலும் இடிந்துவிட்டது. என்னுடையதை லயத்து வீட்டிலேயே கரையான் தின்றது. டவுன் தமிழ்ப்பள்ளி வராந்தாவில் நாங்கள் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள்தான் பிறகு ஓவியர் சங்கமே வைத்தார்கள். அவர்கள் படமெல்லாம் சுவரில் தொங்குகிறது. எங்கள் படம் ஒன்றுகூட இல்லை.

உன் கல்யாணத்துக்கு நாங்கள் மூவரும் சேர்ந்து போட்டுக் கொடுத்த படம் ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. ரப்பர் மரம் இலை உதிர்க்கிற காலத்துப் படம். உன் முன்கூடத்துச் சுவரில், டிவிக்கு மேலே. யாரையாவது விட்டு அதை ஒரு போட்டோ பிடித்து அனுப்பு.

பதிலை எதிர்பார்க்கும்,
உன் அண்ணன் கணேசமூர்த்தி


பத்து பெரண்டாம்,
9.2.2025

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

சுசீலா வணங்கி எழுதிக்கொள்வது. நான் சுகம். உங்களுக்குத் தொண்டையில் அந்த ஓட்டையைச் சுத்தம் செய்ய ராகினி பழகிக்கொண்டாளா? குளிக்கும்போது தண்ணீர் போய்விடப் போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தேவமலருக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. பத்தியக் குழம்பு வைக்க ஆளில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். அதில் நாள் ஓடிவிட்டது. மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். முழங்கால் என்ன சொல்கிறதோ தெரியவில்லை. தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் போகிறார்கள்.

இங்கே வெயில் தாங்கவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது.

படம் வீட்டில்தான் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணே.

உங்கள் தங்கை,
சுசீலா


கூலிம்,
20.2.2025

அன்புள்ள சுசீலாவுக்கு,

உன் கடிதம் கண்டேன். பத்தியக் குழம்புக்கு நாலு வரி, என் படத்துக்கு ஒரு வரி. நல்லது. உன் கையால் வைத்த பத்தியக் குழம்பு நினைவுக்கு வந்து நாக்கில் எச்சில் ஊறியது. இப்போது எனக்கு எல்லாம் கஞ்சிதான்.

போட்டோ பிடிக்க ஆளில்லை என்றால் விடு. தேவிஸ்ரீயே நோன்புப் பெருநாள் லீவில் வருகிறாள். எப்படி வரைந்தோம் என்று கேட்டாள், நான் பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! சாயக்குழாய் வாங்க நம்மிடம் ஏது வசதி? தூள் வர்ணத்தை வாங்குவோம், தோட்டத்துப் பால் ஸ்டோரிலிருந்து மணியம் ஒரு மங்கு ரப்பர் பால் கொண்டுவருவான். உறையாமல் இருக்கச் சொட்டு அமோனியா. அதில் குழைத்துத்தான் பலகையில் பூசுவோம். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு எரியும். காய்ந்ததும் தோல்மாதிரி படிந்து நிற்கும். உலகத்தில் வேறு யாரும் இப்படிச் செய்ததாகத் தனக்குத் தெரியவில்லை என்றாள் அந்தப் பெண். எனக்கு ஒரு சாண் உயரம் கூடினதுபோல் இருந்தது.

இன்னொன்றும் சொன்னேன். ஒரே பலகையில் மூன்று பேர் கை. வானம் மச்சான் போடுவார். மரம் மணியம். தரையும் ஓடைத் தண்ணீரும் நான். ஒருத்தன் இடத்தில் இன்னொருத்தன் தூரிகை வைத்தால் அன்றைக்குச் சண்டைதான். மச்சான் காலை முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலை வாங்குகிற மண்டோர், “என்னடா காந்தா, மேல இருந்து சம்பளம் வருதா?” என்று கேலி செய்வார்.

கண்காட்சியில் முதல் சுவரே நமக்குத்தானாம். சாகிறதற்குள் அந்தச் சுவர் முன்னால் போய் நிற்க வேண்டும், சுசீலா. எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அன்புடன்,
அண்ணன்


பத்து பெரண்டாம்,
6.4.2025

அண்ணனுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. ராகினியும் பிள்ளைகளும் நலமா? எனக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், இப்போது தேவலை.

தேவிஸ்ரீ வந்த அன்று நான் வீட்டில் இல்லாமல் போய்விட்டேன். பெருநாள் லீவு என்பதால் தேவமலர் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த வருஷமும் தினேஷின் திதி பெருநாள் சமயத்திலேயே வந்தது. ஐயரை வைத்துச் செய்தேன். அவனுக்குப் பிடித்த கணவாய் மீன் சம்பலை அடுத்த நாள் தனியாகப் படைத்தேன். சுரேன் வந்திருந்தான். தினேஷோடு சின்ன வயசிலிருந்து ஒன்றாகச் சுற்றின பையன், போட்டோ அச்சடிக்கிற கடையில் வேலை செய்கிறானே, அவன்தான். சாப்பிடாமல் போய்விட்டான்.

அண்ணே, வீட்டுக்குச் சாயம் அடிக்கலாம் என்று இருக்கிறேன். சாமானெல்லாம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இப்போதைக்கு அந்தப் பெண்ணை வரச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
சுசீலா


கூலிம்,
14.4.2025

சுசீலாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நான் இருக்கிறேன். உன் காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி.

தேவிஸ்ரீயும் எனக்கு எழுதியிருக்கிறாள். கேட்டைத் தட்டினாளாம். வாசலில் உன் செருப்பு கிடந்ததாம். உள்ளே காற்றாடி ஓடிக்கொண்டிருந்ததாம். “அத்தைக்கு ஒடம்பு சரியில்ல போல, பாவம்” என்று நாசூக்காக முடித்திருக்கிறாள். எனக்கு நாசூக்கு வராது.

படத்தை என்ன செய்தாய்? விற்றுவிட்டாயா? தினேஷ் போன பிறகு தனியாக இருக்கிறாய், கஷ்டம் வந்திருக்கலாம். விற்றிருந்தால் கோபிக்க மாட்டேன். யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல். போய்க் காலில் விழுந்தாவது கேட்டு வாங்குகிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. நேராக எழுது.

அண்ணன்


பத்து பெரண்டாம்,
27.4.2025

என் உயிரான அண்ணனுக்கு,

உங்கள் சுகத்துக்கு மாரியம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

விற்கவில்லை. அன்றைக்கு அவள் கேட்டைத் தட்டும்போது உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் உள்ளே வந்தால் பார்த்துவிடுவாளே என்று பயம்.

தினேஷ் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது ஆயர் குரோ டோல் வளைவில் லாரி தட்டியது உங்களுக்குத் தெரியும். அது நோன்புப் பெருநாள் இரண்டாம் நாள். மலாக்கா முழுக்கக் கடை அடைப்பு. மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவந்து, சாயங்காலமே எடுக்க வேண்டும் என்றார்கள். தலைமாட்டில் வைக்கப் படம் வேண்டுமே. சுரேன் முதலாளியிடம் சாவி வாங்கிக் கடையைத் திறந்து, யாரோ கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து அவன் முகத்தை மட்டும் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்தான். பிரேம் இல்லை. பிரேம் விற்கிற கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை.

நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்றுகூட நினைவில்லை. சுரேன் வந்து கேட்டது மட்டும் காதில் விழுந்தது. “அத்தை, சுவத்துல இருக்கிற பெரிய பிரேம எடுத்துக்கவா? சைஸ் ஓகே லா.” தலையாட்டினேன் போலிருக்கிறது. அதில் கண்ணாடி கிடையாதே. தாள் சுருண்டு சுருண்டு விழுந்ததால், வெள்ளைப் பசையைப் பலகை முழுக்கத் தடவி, காற்றுப் புகாமல் தேய்த்து ஒட்டிவிட்டார்கள். உங்கள் படத்தின் மேலேதான்.

பதினாறாம் நாள்தான் எனக்கே உறைத்தது. தினேஷுக்குப் பின்னால் அவனுடைய அப்பா போட்ட வானம் இருக்கிறது. அன்றிலிருந்து தினமும் அந்த நெற்றியில் சந்தனம் வைக்கிறேன். கண்ணாடி இல்லாததால் என் விரல் அவன் நெற்றியிலேயே படுகிறது. அண்ணே, அது எனக்கு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு எழுதத் தெரியவில்லை.

உங்களிடம் சொன்னால் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

தங்கை,
சுசீலா


கூலிம்,
3.5.2025

சுசீலாவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நலம் விசாரிக்க இப்போது மனம் இல்லை, மன்னித்துக்கொள்.

நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சுரேனிடம் சொன்னால் அதே போட்டோவை நிமிஷத்தில் அச்சடித்துத் தருவான். தினேஷுக்கு ஆயிரம் போட்டோ இருக்கும். எங்களுக்கு அது ஒன்றுதான். மச்சானும் மணியமும் நானும் பிறந்தோம், வரைந்தோம் என்பதற்கு இந்த உலகத்தில் வேறு சாட்சி இல்லை. அதன்மேல் பசையைத் தடவி, நீ ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாய். உன் வீட்டுக்காரர் இருந்திருந்தால் விட்டிருப்பாரா?

சொல்வதைக் கேள். பலகையை மேசையில் படுக்க வை. வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து போட்டோவின் மேல் போடு. ஊறட்டும். பிறகு மூலையில் நகம் கொடுத்துத் தூக்கி, மெள்ள மெள்ள உரி. வெள்ளைப் பசைதான், வந்துவிடும். எடுத்ததும் எழுது. தேவிஸ்ரீ மே கடைசிக்குள் வேண்டும் என்கிறாள்.

கணேசமூர்த்தி


கூலிம்,
17.5.2025

அன்புத் தங்கை சுசீலாவுக்கு,

உடம்பும் மனமும் எப்படி இருக்கின்றன? பதிலில்லை. என் மேல் கோபமாக இருப்பாய். இருக்க வேண்டியதுதான்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நேற்று ராகினி தன் போனில் பழைய படங்களைக் காட்டினாள். தினேஷ் இரண்டு வயதில் என் தோளில் உட்கார்ந்து என் காதில் பச்சை வர்ணம் பூசுகிறான். அந்த முகத்தை உரி என்று நான்தானே எழுதினேன்? என்ன மனிதன் நான்.

சுசீலா, படத்தைத் தொடாதே. பழைய காலத்து ரப்பர் பாலில் குழைத்த வர்ணம். போட்டோவை இழுத்தால் வர்ணமும் தோலோடு வந்துவிடும். இதைக்கூடக் கோபத்தில் மறந்துவிட்டேன். பிப்ரவரியில் உனக்குப் பெருமையாக எழுதினதும் நான், மே மாதத்தில் மறந்ததும் நான்.

அதற்காக மட்டும் சொல்லவில்லை. வர்ணம் வராமல் சுத்தமாக உரிந்து வருகிற பசையாக இருந்தாலும் வேண்டாம். அவன் அங்கேயே இருக்கட்டும். அப்பனுடைய வானத்தின் மேல் பிள்ளை இருக்கிறான், அதில் எனக்கு என்ன கேடு? தேவிஸ்ரீக்குப் படம் இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டேன். நீ எப்போதும்போல் சந்தனம் வை. என் பேரைச் சொல்லி ஒரு பொட்டு கூடுதலாக வை.

என்றும் உன்,
அண்ணன்


பத்து பெரண்டாம்,
18.5.2025

அண்ணனுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

நீங்கள் மூன்றாம் தேதி எழுதின கடிதத்தைச் சாமி மேடையில் வைத்திருந்தேன். தினமும் எடுத்துப் படித்தேன். நீங்கள் எழுதினது சரிதான். அவருக்கும் மணியத்தண்ணனுக்கும் உங்களுக்கும் நான் துரோகம் செய்துவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் மூன்று பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நாள். இன்றே செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

விளக்கேற்றி, “தினேஷ்ப்பா, அம்மாவ மன்னிச்சிரு, மாமா கேக்குறாரு” என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பலகையை இறக்கினேன். நீங்கள் சொன்னபடியே வெந்நீர், துண்டு. மூலையில் நகம் கொடுத்தேன். எளிதாக வந்தது, அண்ணே. கிழியாமல் ஒரே தாளாக வந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திருப்பிப் பார்த்தேன். வானம் தாளின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மரங்களும் அப்படியே. பலகை வெறும் பழுப்பாகக் கிடந்தது. வலது பக்கம் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் மட்டும் மிச்சம் இருக்கிறது. நீங்கள் போட்டது.

இந்தப் பக்கம் தினேஷின் முகம் ஈரத்தில் கரைந்து வழிந்துவிட்டது. சந்தனம் கரைந்து கண்ணில் இறங்கியிருந்தது. துடைத்தேன். துடைத்ததில் மிச்சமும் போயிற்று.

ஈரத்தோடு வைக்கக் கூடாதென்று அவருடைய பழைய வேட்டியில் சுருட்டி வைத்தேன். சற்று முன் பிரித்துப் பார்த்தேன், பிரியவில்லை. பாலும் பசையும் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டு ஒரே சுருளாக இறுகிவிட்டது. இழுத்தால் கிழிகிறது.

நான் என்ன தப்புச் செய்தேன்? நீங்கள் சொன்னதுபோலத்தானே செய்தேன்?

சுசீலா


கூலிம்,
11.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

ராகினி எழுதுறேன். நல்லா இருக்கீங்களா அத்தை? போன்ல பேசினா அப்பா பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருக்கார். அதான் லெட்டர். என் தமிழ் எழுத்து மோசமா இருக்கும், சிரிக்காதீங்க.

அப்பா போட்ட ரெண்டாவது லெட்டர் இந்நேரம் உங்களுக்கு வந்திருக்கும். வேணாம், தொடாதேன்னு எழுதினார். அத போஸ்ட் பண்ண கொடுத்துட்டு அன்னைக்குத்தான் ஒழுங்கா சாப்பிட்டார். நாலு நாள் கழிச்சு உங்க லெட்டர் வந்துச்சு. படிச்சார். மடிச்சு வச்சுட்டு, எழுதுற சிலேட்டுல “ஒரு நாள்” அப்படின்னு எழுதி என்கிட்ட காட்டினார். அவர் வேணாம்னு எழுதின மறுநாளே எல்லாம் நடந்துருச்சுன்னு சொல்றார். அப்புறம் அத அழிச்சுட்டு ரூமுக்குப் போயிட்டார்.

அவருக்குக் கோபமில்ல அத்தை. அது மட்டும் சொல்லணும்னு தோணுச்சு. ஆனா உங்களுக்கு எழுத பேப்பர் எடுக்குறார், திரும்ப வைக்குறார். அழறதுக்குக்கூட அவருக்குச் சத்தம் வராது. ஓட்டையில காத்து மட்டும் வருது. என்னால பாக்க முடியல.

உடம்பப் பாத்துக்குங்க.

ராகினி


பத்து பெரண்டாம்,
24.8.2025

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

உங்களுடைய கடிதம் வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். சாப்பிடுகிறீர்களா? மருந்து நேரத்துக்குப் போகிறதா?

நேற்று கண்காட்சி திறப்பு. நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரியும். நம் வீட்டிலிருந்து ஒருத்தராவது போக வேண்டுமே என்று சுரேனோடு போனேன். பெரிய ஹால், நல்ல குளிர். மலாக்கா ஆறு, படகு, மீனவர் குடிசை என்று அழகழகான படங்கள். முதல் சுவரில் வேறு யாருடையதோ இருந்தது. உள்ளே கழிப்பறைக்குப் போகிற வழியில் ஓர் அட்டை. மலாயிலும் இங்கிலீஷிலும் உங்கள் மூன்று பேர் பெயர் போட்டு, படைப்பு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். தேவிஸ்ரீ என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாரி அத்தை” என்றாள். நல்ல பெண். அவள் என்ன செய்வாள்?

சேகரனைப் பார்த்தேன். பள்ளி வராந்தாவில் உங்களிடம் கற்றுக்கொண்ட பையன். தலையெல்லாம் நரைத்துவிட்டது, அவன் படம் நாலு அங்கே மாட்டியிருக்கிறது. அந்த அட்டைக்கு முன்னால் என்னோடு நின்று அழுதான். “அக்கா, உங்க கல்யாணப் படத்தப் பாத்துத்தான் நான் வரைய வந்தேன். அதுல மரமெல்லாம் செவப்பா இருக்குமா, மஞ்சளா? அது மாதிரி ஒண்ணு போட்டுப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை” என்று கேட்டான்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அண்ணே. கல்யாணமான நாளிலிருந்து அது என் கண்ணெதிரேதான் தொங்கியது. அதன் கீழேதான் சோறு தின்றோம், சண்டை போட்டோம், தினேஷ் தவழ்ந்தான். கண்ணை மூடிப் பார்க்கிறேன், சிவப்பா மஞ்சளா என்று வரவே மாட்டேன் என்கிறது. நான் ஒரு நாளும் அதைப் பார்த்ததே இல்லையோ என்னவோ. நீங்களாவது எழுதுங்கள், என்ன நிறம்? சேகரனுக்குச் சொல்ல வேண்டும்.

சுரேன் தினேஷுக்குப் புதுப் படம் கொண்டுவந்து மாட்டியிருக்கிறான். கண்ணாடி போட்டது. அதே சிரிப்புதான். சந்தனம் வைத்தால் கண்ணாடியில் நிற்காமல் உதிர்ந்துவிடுகிறது. பழைய பிரேமும் பலகையும் அலமாரிக்குப் பின்னால் சும்மா இருக்கின்றன. குப்பை லாரி வரும்போது போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சுசீலா


கூலிம்,
19.9.2025

அன்புத் தங்கை சுசீலாவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு உன்மேல் வருத்தம் காரணமில்லை. எழுத உட்கார்ந்தால், “உரி” என்று எழுதின கைதானே இது என்று தோன்றிவிடும். நீ தப்பே செய்யவில்லை. அண்ணன் சொன்னதைக் கேட்டாய், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். ஒரு தடவையாவது, “போண்ணே, முடியாது” என்று சொல்லியிருக்கக் கூடாதா?

முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொள். வெறும் வயிற்றோடு மாத்திரை போடாதே.

சிவப்பா மஞ்சளா என்று கேட்டிருந்தாய். நானும் எட்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். ஓடைத் தண்ணீரில் எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று இப்போதும் சொல்வேன். மரம் மணியம் போட்டது. அவன் இடத்தை நான் எட்டிப் பார்ப்பதில்லை, அது எங்கள் ஒப்பந்தம். அவனைத்தான் கேட்க வேண்டும். சேகரனிடம் தெரியாது என்றே சொல்லிவிடு. அவனுக்குப் பிடித்த நிறத்தைப் போட்டுக்கொள்ளட்டும்.

போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ராகினியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவள் முகம் கழுவியிருந்தாள். வழியில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். கஞ்சியும் இப்போது சரியாக இறங்குவதில்லை.

அந்த பிரேமைக் குப்பையில் போடாதே. நல்ல மெராந்தி மரக்கட்டை, மணியம் தன் கையால் இழைத்துச் செய்தது, அளவும் சரியாக இருக்கும். எனக்கு வேண்டியிருக்கும். ராகினியிடம் என் போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பலகையில் மிச்சமிருக்கிற தண்ணீரைத் துடைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும், அதன் மேலேயே வைத்துவிடலாம். சுரேனிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவை, இந்தத் தடவை பசை தடவ வேண்டாம். ஓரத்தில் நாலு ஆணி போதும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் கணேசமூர்த்தி